நான் போன பிறகு நிறைந்த பள்ளிக்கூடம்

விக்கிரவாண்டி ஸ்டேஷனில் இறங்கி மேற்கே ஒரு மைல் நடந்தால் அந்த ஊர் வரும். அதன் பெயரை எழுத எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. அங்கே ஜில்லா போர்டார் நடத்திய பெண்கள் ஆரம்பப் பாடசாலையில்தான் எனக்கு முதல் வேலை. யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தினமும் ரயிலில் வந்து போவேன்.

நான் பிறந்தது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சேரியில். அப்பா நான் தவழும்போதே போய்விட்டார். அம்மா கூலி வேலை செய்பவள். களை எடுப்பது, நாற்று நடுவது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குவது என்று பருவத்துக்கு ஒன்று. ஏழு வயதில் அவள் என்னைக் கொண்டுபோய் திண்டிவனத்து மிஷன் போர்டிங்கில் விட்டாள். அங்கேயே படித்து, அங்கேயே வாத்தியார் டிரெயினிங்கும் முடித்தேன். போர்டிங்கில் வளர்ந்ததால் என் பேச்சு மாறிவிட்டது. நடையும் மாறிவிட்டது. வெள்ளைப் புடவை உடுத்தி, தலையை இழுத்துப் பின்னி, குடையோடு நான் ரயிலிலிருந்து இறங்கினால் பார்க்கிறவர்களுக்கு என்னை எந்த இடத்தில் வைப்பதென்று சட்டெனத் தெரியாது.

அந்த ஊர் மணியக்காரருக்கும் தெரியவில்லை. முதல் நாள் பள்ளிக்கூடத்துச் சாவியைக் கொடுக்கும்போது கேட்டார்.

"வாங்க வாத்தியாரம்மா. எந்த ஊருங்க உங்களுக்கு?"

"திண்டிவனங்க."

"எந்த ஜனம்?"

"வேதக்காரங்க."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் குடியானவரிலிருந்து கிறிஸ்தவர்களான வேதக்காரர்களும் உண்டு. அவர்களில் ஒருத்தி என்று அவராகவே நினைத்துக்கொண்டார். முந்தைய வாத்தியாரம்மா பிரசவத்துக்குப் போய்த் திரும்பாமல் பள்ளிக்கூடம் பல மாதமாகப் பூட்டிக் கிடந்தது. ஆள் கிடைத்ததே போதும் என்ற அவசரமும் இருந்திருக்கும். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கேள்வியை நிறுத்திக்கொண்டதும் உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் முகம் சூடாகிறது.

பள்ளிக்கூடம் என்பது ஓடு வேய்ந்த ஒரே கூடம். ஊர்க்காரர்கள் கட்டிப் போர்டாருக்குக் கொடுத்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரை எல்லாரும் அதற்குள்தான், நான் ஒருத்திதான். கிழக்கே ஒரு முள்வேலி, அதைத் தாண்டினால் மணியக்காரரின் மல்லாட்டைக் கொல்லை. பிள்ளைகள் பெரும்பாலும் குடியானவர் வீட்டுப் பெண்கள். செட்டியார் கடையிலிருந்து இரண்டு பேர், ஆசாரி வீட்டிலிருந்து ஒருத்தி. அக்காமாரோடு ஒட்டிக்கொண்டு வரும் சிறு பையன்கள் சிலர். போர்டார் உத்தரவுப்படி எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். வருகை குறிக்கும் ஆஜர் பட்டியில் ஒவ்வொரு சாதியாருக்கும் தனித்தனிப் பத்தி கோடு போட்டிருந்தது. சேரிப் பிள்ளைகளுக்கான பத்தி மேலிருந்து கீழ்வரை காலி. நான் மணி அடித்தால் சேரிவரை கேட்கும். அங்கிருந்து யாரும் வரமாட்டார்கள். நானும் போய்க் கூப்பிடவில்லை.

அந்தப் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, எண்ணெய் தேய்த்த தலையோடு, சொந்தச் சிலேட்டோடு வருவார்கள். சொன்னதைப் பிடித்துக்கொள்வார்கள். முதல் வருஷம் கடலூரிலிருந்து இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் பார்வையிட வந்தபோது மூன்றாம் வகுப்பு மொத்தமும் பதினாறாம் வாய்ப்பாடு வரை தட்டாமல் சொன்னது. நாலாம் வகுப்பில் ஒருத்திகூடத் தவறவில்லை. "இந்தத் தாலுகாவிலேயே இப்படி ஒரு பள்ளிக்கூடத்தை நான் பார்க்கவில்லை" என்று அந்த அம்மாள் மணியக்காரர் முன்னிலையிலேயே சொன்னார். அன்று மாலை பூசணிக்காய் ஒன்றும் ஒரு படி மல்லாட்டையும் என்னோடு ஸ்டேஷன் வரை வந்தன. தூக்கி வந்தவர் மணியக்காரரின் பண்ணையாள். அவர் சேரிக்காரர். எனக்குப் பத்தடி பின்னால் நடந்து வந்தார். "முன்னால வாங்க" என்று நான் சொல்லவில்லை.

மறு வருஷம் மல்லாட்டை பிடுங்கும் பருவம் வந்தது. அந்தக் கொல்லைக்கு வெளியூரிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். மேஸ்திரி ஒருவர் இருப்பார். அவர் எந்த ஊருக்கு இட்டுக்கொண்டு போகிறாரோ அங்கே போய் வேலை முடியும் வரை கொல்லையிலேயே தங்குவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் முதுகுகள் வளைந்து நகர்வதை நான் பாடம் நடத்திக்கொண்டே பார்த்தேன். ஒருத்தி மட்டும் கோடியில், எல்லாருக்கும் கடைசியாக, முக்காட்டை இறக்காமல் வேலை செய்துகொண்டிருந்தாள். வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மதியத்துக்கு முன்னால் கூட்டத்தில் ஒருத்தி வேலியோரம் தண்ணீர் கேட்டு வந்தாள். பிள்ளைகளில் ஒருத்தி என்னைக் கூப்பிட, நான் வாசலுக்கு வந்தேன். வந்தவள் எங்கள் சேரிதான். நான் சித்தி என்று கூப்பிடுகிறவள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று.

"ஏ... இன்னா இது! நம்ம பொண்ணு! டிரெயினிங் படிச்ச பொண்ணு!" என்று இரண்டு கையையும் தட்டினாள். கொல்லைப் பக்கம் திரும்பி உரக்கக் கத்தினாள். "யக்கா! ஜல்தி இங்க ஓடியா! உம்பொண்ணு வாத்தியாரம்மாவா நிக்கிறா பாரு, மகாராணி கணக்கா!"

கோடியிலிருந்த முக்காடு நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தது.

அந்தக் குனிவைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நேற்று முழுக்க அவள் எனக்காகத்தான் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் என் பின்னால் திமுதிமுவென்று வாசலில் கூடிவிட்டார்கள். நான் வேலியைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குள் போனேன்.

"அம்மா."

"போடி உள்ள" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. "யாரோன்னு இருந்துக்க. அந்த மேஸ்திரி எங்க இட்டுகினு போறான்னு சொல்லவே இல்ல. வந்து எறங்கினப்புறம்தான் எனக்கே தெரியும்."

"தண்ணி குடிச்சியா?"

"வாய்க்கால்ல குடிச்சிக்குவேன். நீ போ கண்ணு. புள்ளைங்க பாக்குது."

நான் உள்ளே போய்ப் பள்ளிக்கூடத்துப் பானையிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டு வந்தேன். ஊர்ப் பிள்ளைகள் குடிக்கும் பானை அது. அம்மா இரண்டு கையையும் குவித்தாள். ஊற்றினேன். சித்திக்கும் ஊற்றினேன்.

பிற்பாடு இதைக் கேள்விப்பட்ட சிலர் என்னைத் தைரியசாலி என்றார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் வரை செம்மண் அப்பியிருந்தது. ரவிக்கையில்லாத தோளில் வேர்வை வழிந்தது. அத்தனையையும் என் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே என்று உயிர் போயிற்று. சீக்கிரம் ஊற்றி முடித்தால் சீக்கிரம் உள்ளே போய்விடலாம் என்றுதான் ஊற்றினேன். அம்மா அவசர அவசரமாகக் குடித்தாள். அவளுக்கும் அதே நினைப்பு இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துப் படியில் பானை உடைந்து கிடந்தது. மணி அடித்தேன். ஒருவரும் வரவில்லை. வெகு நேரம் கழித்து ஆசாரி வீட்டுப் பெண் தெருக்கோடியில் வந்து நின்றுகொண்டு, "எங்கம்மா போவக்கூடாதுன்னுச்சு டீச்சர்!" என்று கத்திவிட்டு ஓடிப்போனாள்.

மணியக்காரர் மாலையில் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்றே பேசினார்.

"ஏ பொண்ணே, நீ மொதல்லியே சொல்லியிருக்கணும்."

முந்தாநாள் வரை 'வாங்க வாத்தியாரம்மா' என்றவர். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. அந்த 'நீ' மட்டும்தான். அது போதுமாக இருந்தது. என் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"நீங்க கேட்டதுக்கு வேதக்காரங்கன்னு சொன்னேங்களே" என்றேன்.

"வேதக்காரங்கன்னா எல்லாம் ஒண்ணா? நீயா வேலைய மாத்திக்கினு போயிடு. உனக்கும் பேஜாரு, எங்களுக்கும் பேஜாரு."

நான் போகவில்லை. போக இடமில்லை என்பதுதான் காரணம். மாற்றல் வேண்டுமென்றால் போர்டாருக்குக் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்தை என் கையால் எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. தினமும் காலை ரயிலில் வந்தேன். கதவைத் திறந்தேன். மணி அடித்தேன். கரும்பலகையில் தேதியும் கிழமையும் எழுதினேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். யாராவது பார்க்கும்போது வெறுமனே இருக்கக்கூடாதென்று புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்வேன். காலி வகுப்புக்கு முன்னால் சத்தம் போட்டுப் பாடம் நடத்தினால் பைத்தியம் என்பார்கள், சும்மா உட்கார்ந்திருந்தால் தண்டச்சோறு என்பார்கள். பகல் முழுவதும் அப்படி ஒரு கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். என் பிள்ளைகளோ கோயில் மண்டபத்தில் ஒரு கிழவரிடம் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் அவர்கள் வாய்ப்பாடு சொல்வது எனக்குக் கேட்கும். நான் சொல்லிக்கொடுத்த ராகத்தில்தான் சொன்னார்கள்.

பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்தைப் போர்டார் மூடிவிடுவார்கள் என்று தெரியும். கடைசியில் ஒரு நாள் மணி அடித்துவிட்டுச் சேரிக்குப் போனேன். அத்தனை காலம் போகாதவள் இப்போது போகிறேனே, ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. என் கதை அங்கே எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"எங்க புள்ளைங்க அந்தக் கட்டடத்துல ஏறினா நாளைக்கு எங்களுக்குக் களத்துல வேலை உண்டா?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. பெரும்பாலான வீடுகளில் அதேதான். ரயில்வே லைனில் கேங் கூலியாக இருந்தவர்களின் வீடுகள் சில உண்டு. அவர்கள் மணியக்காரரின் களத்தை நம்பியிருக்கவில்லை. அப்படிப்பட்ட வீடொன்றின் வாசலில் பத்துப் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் ஒரு குழந்தையோடு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத்த இட்டுகினு போங்க" என்றாள் அவள் அம்மா. "ஆனா பாப்பாவத் தூக்கிக்கினுதான் வரும். நான் கல்லு ஒடைக்கப் போயிடுவேன். பாப்பாவ யாரு பாத்துக்குவா?"

"பாப்பாவோட வரட்டும்" என்றேன்.

அப்படி ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். 'கட்டடம் ஊர்க் காசுல கட்டினது, அதுங்கள உள்ள ஏத்தாத' என்று மணியக்காரர் ஆள் விட்டுச் சொன்னார். உள்ளேதான் உட்கார வைப்பேன், அது போர்டு உத்தரவு என்று திருப்பிச் சொல்லி அனுப்பினேன். ஆனால் பிள்ளைகளே உள்ளே வரப் பயந்தார்கள். வாசல் புங்கமரத்தடியில் சில நாள், பிறகு வாசற்படி, பிறகு கூடத்தின் ஓரம் என்று மெதுவாக நகர்ந்தார்கள். எல்லாருமே ஒன்றாம் வகுப்புதான், வயது எதுவாக இருந்தாலும். சிலேட்டு கிடையாது. மணலில் எழுதினார்கள். நாலு நாள் வந்தால் மூன்று நாள் வரமாட்டார்கள். கேட்டால் மாடு, விறகு, காய்ச்சல். ஆஜர் பட்டியில் இப்போது அந்த ஒரு பத்தி மட்டும் நிரம்பியிருந்தது. மற்றதெல்லாம் காலி.

மறுபடியும் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வந்தார். ஸ்டேஷனிலிருந்து வண்டியில் வந்து இறங்கும்போதே, போன வருஷத்து ஞாபகத்தில் சிரித்துக்கொண்டே வந்தார். உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றது.

"நாலாம் வகுப்பு எங்கே?"

"இல்லைங்கம்மா."

"மூன்றாம் வகுப்பு?"

அவரே சுற்றிப் பார்த்தார். எண்ணெய் காணாத செம்பட்டைத் தலைகள், மூக்குச்சளி, கிழிந்த பாவாடைகள். இடுப்புக் குழந்தைக்காரி மட்டும் எழுந்து நின்றாள். ஒன்றாம் வகுப்பில் அவள்தான் எல்லாரையும்விட ஒரு முழம் உயரம்.

"உனக்கு என்ன வயது?"

"தெரியாதுங்க."

"எத்தனாம் வகுப்பு?"

"ஒண்ணாப்புங்க."

கூட வந்திருந்த குமாஸ்தா களுக்கென்று சிரித்தார். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் கரும்பலகையில் 'அம்மா', 'ஆடு' என்று எழுதிப் படிக்கச் சொன்னார். அவள் 'அம்மா'வைப் படித்தாள். 'ஆடு'க்கு வரும்போது குழந்தை அவள் இடுப்பிலிருந்தே சிறுநீர் கழித்துவிட்டது. அது அந்த அம்மாளின் செருப்பு வரை ஓடிற்று. அவள் பதறவில்லை. பாவாடையால் தரையைத் துடைத்துவிட்டு, "ஆடு" என்று சொல்லி முடித்தாள்.

அப்போது எனக்கு நேர்ந்ததைத்தான் நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. எனக்கு அந்தப் பிள்ளைகளைக் கண்டு அவமானமாக இருந்தது. இவர்கள் என் பிள்ளைகள் இல்லை, என் பிள்ளைகள் மண்டபத்தில் இருக்கிறார்கள், போய்க் கேட்டுப் பாருங்கள் என்று அந்த அம்மாளிடம் சொல்ல நாக்கு துடித்தது. போர்டிங்கில் கொண்டுவிட்ட அன்று நானும் அதே செம்பட்டைத் தலையோடுதான் நின்றிருப்பேன். அது தெரிந்தும் துடித்தது.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் கெட்டவர் இல்லை. என்னைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "உன் மேல் தப்பில்லையம்மா. ஆனால் இந்தப் பள்ளிக்கூடத்தின் தேர்ச்சி தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. அதைத்தானே நான் எழுத முடியும்? உனக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் போட்டுத் தருகிறேன். அங்கே இந்தத் தொல்லை இருக்காது" என்றார். நான் தலையாட்டினேன். என் முகத்தில் சந்தோஷம் தெரிந்திருக்குமோ என்னவோ, மரத்தடியில் நின்ற பிள்ளைகள் பக்கம் திரும்பாமலே கதவைப் பூட்டினேன்.

விழுப்புரத்தில் எனக்குக் கிடைத்தது ஜங்ஷனுக்குப் பக்கத்துப் போர்டு பள்ளிக்கூடம். நாங்கள் ஐந்து பேர் டீச்சர்கள். அங்கே ரயில்வேக்காரர் பிள்ளைகள், சாயபு வீட்டுப் பிள்ளைகள், நெசவு செய்கிறவர்கள், வண்டிக்காரர்கள், மாற்றலில் வரும் குமாஸ்தா வீடுகள் என்று எல்லாரும் கலந்துகட்டி இருந்தார்கள். என்னை யாரும் எந்த ஜனமென்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவைத்திருந்தார்களா, கவலைப்படவில்லையா, அது எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு புது முகத்தைப் பார்க்கும்போதும் அந்தக் கேள்வி வரப்போகிறதென்று காத்து நிற்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அது வெகு வருஷம் போகவில்லை.

பழைய ஊரைப் பற்றி அடுத்த கோடையில் செய்தி வந்தது. ஒரு கூட்டத்துக்காகக் கடலூர் போயிருந்தபோது எனக்குப் பின்னால் அங்கே போன டீச்சரம்மாளே சொன்னார். நல்ல மனுஷி. எனக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"நான் போய்ச் சேர்ந்த வாரமே பிள்ளைகள் அத்தனையும் திரும்பி வந்துடுச்சுங்க. நாலாம் வகுப்பு மொத்தமும் பாஸ். உங்களுக்கு அங்கே என்னங்க கஷ்டம்?"

"சேரிப் பிள்ளைகள் சில பேர் வந்துகொண்டிருந்தார்களே?" என்று கேட்டேன்.

"அப்படி யாரும் வரலைங்களே" என்றார்.

நான் இருந்ததால் விழுந்த பள்ளிக்கூடம், நான் போனதால் எழுந்துவிட்டது. கணக்கு அவ்வளவுதான். திரும்பி வரும்போது ரயிலில் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குள் அம்மா என்னோடு விழுப்புரத்தில் இருக்க வந்துவிட்டாள். கொல்லையில் நடந்த அந்த நாளுக்குப் பிறகு அவள் வெளியூர்க் கூலிக்குப் போகவே இல்லை. என் வேலை தன்னால்தான் கெட்டது என்று அவளுக்கு எண்ணம். நான் எவ்வளவு சொல்லியும் மாறவில்லை. என் எதிரில் வீட்டு வாசலில்கூட நிற்கமாட்டாள். யாராவது டீச்சர்கள் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவாள். கூப்பிட்டாலும் வரமாட்டாள். நான் கூப்பிடும் குரலிலும் அவ்வளவு வலு இருந்திராது.

கடலூரில் கேட்டதை அன்று ராத்திரிச் சோறு போடும்போது அவளிடம் சொன்னேன். குழந்தை தூக்கி வரும் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். அவள் எழுத்துகளை எல்லாம் முடித்துவிட்டாள், இன்னும் ஒரு வருஷம் கிடைத்திருந்தால் புத்தகம் படித்திருப்பாள் என்றேன்.

"இப்ப ஏன் போவல அது?"

"புது டீச்சர் கூப்பிடலை. போனாலும் ஊரில் விடமாட்டாங்க. இங்கே கூட்டி வரலாம்தான். கைக்குழந்தையை யாரிடம் விட்டு வருவாள்?"

இரண்டு நாள் கழித்து நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அம்மா வந்தாள். அவள் இடுப்பில் அந்தக் குழந்தை. பின்னால் துணி மூட்டையோடு அந்தப் பெண்.

"நானே ரயில் ஏறிப் போயி கேட்டேன்" என்றாள் அம்மா. "அவங்கம்மா கிட்ட சொன்னேன், பாப்பாவ நான் பாத்துக்கறேன், பொண்ணு என் பொண்ணுகிட்ட படிக்கட்டும்னு. கொஞ்சம் யோசிச்சா. அப்புறம் சரின்னுட்டா."

"அந்த ஊருக்கா போனே? யாராவது பார்த்திருந்தா?"

"பாத்தா பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குக் கேப்பைக்கூழ் கரைக்கப் போய்விட்டாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். கொல்லையில் முக்காட்டுக்குள் ஒளிந்தவள் இப்படிப் பேசுகிறாளே என்று நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணை விழுப்புரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். வேறு வழியில்லாமல் மறுபடியும் ஒன்றாம் வகுப்பு. அவள் உட்கார்ந்தால் முன்னால் இருக்கும் பொடிசுகளின் தலைக்கு மேல் அவள் தோள் தெரியும். முதல் வாரம் பிள்ளைகள் 'ஒட்டகம்' என்று கூப்பிட்டார்கள். அவள் அதற்கும் "இன்னா?" என்று திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் வகுப்பு ஒழுங்காகத் தேறினாள். மூன்றாம் வகுப்பில் கணக்கு ஏறவில்லை. தவறினாள். மறு வருஷமும் தவறினாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டார். "வகுப்பில் தேங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று மேலே கேட்கிறார்கள். உன் வகுப்பில் அந்தப் பெரிய பெண் ஒருத்தியால்தான் நம் பள்ளிக்கூடத்துக்கே கெட்ட பெயர். வயசுக்கு வந்த பெண்ணை மூன்றாம் வகுப்பில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்?"

நான் குனிந்த தலையோடு நின்றேன். எனக்கு எப்போதும் அது சுலபமாக வரும். வீட்டுக்கு வந்து அவளிடம் இதமாகச் சொல்லப் பார்த்தேன்.

"உனக்கே கூச்சமாக இல்லையா? சின்னப் பிள்ளைகளோட உட்கார?"

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"இன்னாத்துக்குக் கூச்சம் டீச்சரம்மா? கல்லு ஒடைக்கிற எடத்துல குந்தினாதான் முதுகு நோவுது. இங்க நெழலாக் கீது."

அந்த வருஷம் பார்வையிட வந்தவர் கடலூரிலிருந்த அதே இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள்தான். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பட்டாளத்து ரயில்கள் ஜங்ஷனில் நின்று ஊதிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் படிப்பது பாதி காதில் விழாது. பின்வரிசையில் அவளைப் பார்த்ததும் அந்த அம்மாள் நின்றார். எங்கே பார்த்தோம் என்று யோசிப்பது தெரிந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் முந்திக்கொண்டு, "கொஞ்சம் மந்தமான பெண்ணுங்க" என்றார்.

"படி பார்க்கலாம்."

அவள் எழுந்து, வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, நரியும் காகமும் வரும் பாடத்தைப் படித்தாள். மெதுவாக. இரண்டு இடத்தில் தடுக்கிற்று. ஒரு இடத்தில் தப்பு. ரயில் ஊதியபோது நிறுத்தி, ஊதி முடித்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். கணக்கும் கேட்டார்கள். கணக்கு தப்பாய்த்தான் போட்டாள்.

"மூன்றாம் வகுப்புக்கு இது போதாது" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள். பிறகு என்னைப் பார்த்து, தணிந்த குரலில், "இது அந்தப் பெண்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அதற்கு மறு வருஷம் அவள் மூன்றாம் வகுப்பு தேறினாள். நாலாம் வகுப்பு பாதியில் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை ஜங்ஷனில் மூட்டை தூக்குகிறவர். நான் தடுத்துப் பார்த்தேன். அவள் அம்மாவும் அப்பாவும் கேட்கவில்லை, அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை. நாலாம் வகுப்பை அவள் முடிக்கவில்லை. அந்த வருஷத்துக் கணக்கில் அவள் 'இடையில் நின்றவர்' என்று போனாள். அவள் இடுப்பில் வந்த தம்பி மட்டும் என் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தான். அவன் கதை வேறு.

சுதந்திரம் வந்த பிறகு, ஒரு ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அவள் தன் சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜைக்கு முன்னால் கூட்டம். பக்கத்தில் நான் ஒன்றாம் வகுப்புப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பிறந்த தேதி எழுதிய சீட்டை நீட்டினாள். சீட்டு அவள் கையெழுத்தில் இருந்தது.

"அஞ்சு வயசு இந்த மாசந்தான் நெறஞ்சிச்சு டீச்சரம்மா" என்றாள் என்னைப் பார்த்து, கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி. "ஒரு நாள் கூடத் தாண்டல. ஒண்ணாப்புல எல்லாப் புள்ளைங்க உசரந்தான் இதுவும் இருக்கும்."

கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு வழக்கம்போலக் காது சுட்டது. பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதினேன். இடது பக்கத்து முதல் பெஞ்சைக் காட்டி, அங்கே போய் உட்காரச் சொன்னேன்.